மீண்டும் போட்டியிடும் சட்டமன்ற உறுப்பினரின் சாதனைப் பட்டியலைச் சரிபார்க்கும் முறை

ஐந்தாண்டுக் காலம் முடியும் தறுவாயில், மீண்டும் போட்டியிட விரும்பும் சட்டமன்ற உறுப்பினரின் பெயரில் ஒரு சாதனை மலர் அச்சாகி வீடு வீடாக வந்து சேர்வது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. வழவழப்பான தாளில், அடிக்கல் நாட்டும் படங்களும் நலத்திட்ட உதவி வழங்கும் படங்களும் நிறைந்த அந்த மலரில் நூறு, இருநூறு பணிகள் வரிசை எண்ணிட்டு அடுக்கப்பட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் அடுத்த ஐந்தாண்டுகளுக்கான முன்னுரிமைகள் என்ற தலைப்பில் பத்துப் பன்னிரண்டு வாக்குறுதிகள் இருக்கும். அதை முழுவதும் நம்புவோரும், பிரிக்காமலே பழைய தாள் கட்டில் போடுவோரும் உண்டு. இரண்டும் அல்லாமல், மலரில் உள்ள ஒவ்வொரு வரியையும் அரசு ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் வாக்காளருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இந்த உழைப்பு வீணாகாது என்பதற்குத் தேர்தல் முடிவுகளே சான்று. 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். நீண்ட கால உறுப்பினரான துரைமுருகன் காட்பாடியில் வென்றது 746 வாக்குகளில். 2016இல் இராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 49 வாக்குகள் மட்டுமே. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு தெருவில் உள்ள வாக்காளர்கள் கவனமாகப் படித்து முடிவெடுத்தாலே முடிவு மாறக்கூடிய தொகுதிகள் இவை.

சரிபார்ப்பின் அடிப்படை ஒன்றே. மலரில் உள்ள ஒவ்வொரு பணிக்கும் நேராக, இதற்குப் பணம் யாருடையது, முடிவெடுத்தவர் யார், இதில் உறுப்பினரின் கை பட்டது என்பதற்கு எந்தத் தாள் சாட்சி என்ற மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும் பணிகள் மட்டுமே உறுப்பினரின் சொந்தக் கணக்கில் சேரும். மற்றவை நடந்தவைதாம், மக்களுக்குப் பயன்பட்டவையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் இல்லாமலும் நடந்திருக்கும்.

முதலில் பிரித்து வைக்க வேண்டியவை

ஒரு பென்சிலை எடுத்து, மாநிலம் முழுவதற்குமான திட்டங்களை முதலில் அடையாளமிடுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் ஆகியவை ஆளுங்கட்சி உறுப்பினரின் தொகுதிக்கும் எதிர்க்கட்சி உறுப்பினரின் தொகுதிக்கும் ஒரே விதிகளின்படி வந்தவை. முந்தைய ஆட்சிகளின் மடிக்கணினித் திட்டத்துக்கும் அம்மா உணவகத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். "தொகுதியில் இத்தனை ஆயிரம் மகளிர் பயன்பெற்றனர்" என்ற வரி அரசின் சாதனையாகலாம். ஆட்சியை மதிப்பிடும்போது அதை எடுத்துக்கொள்ளுங்கள், உறுப்பினரை மதிப்பிடும்போது ஒதுக்கி வையுங்கள். தகுதியிருந்தும் விடுபட்டவர்களின் மேல்முறையீட்டு மனுக்களை அவர் அலுவலகம் எடுத்துச் சென்று முடித்துக் கொடுத்திருந்தால், அந்தப் பகுதி மட்டும் அவருடையது.

அடுத்ததாக உள்ளாட்சிப் பணிகள். தெருவிளக்கு, குப்பை, வடிகால், உட்புறச் சாலை, குடிநீர் இணைப்பு ஆகியவை பெரும்பாலும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றின் பொறுப்பு. அதற்கான பொது நிதியும் மன்றத் தீர்மானமும் அங்கேயே இருக்கும். தலைவரும் உறுப்பினரும் ஒரே கட்சியாக இருக்கும் ஊர்களில் ஒரே சாலை இருவருடைய மலரிலும் வருவதைப் பார்க்கலாம். இதில் ஐயம் எழுந்தால் மன்றத் தீர்மானப் பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பதே சுருக்கமான வழி. ஊராட்சியாயின் கிராம சபைக் கூட்டத்திலேயே செலவுக் கணக்கைக் கேட்கலாம்.

நாடாளுமன்ற உறுப்பினரின் நிதியிலும் ஒன்றிய அரசின் திட்டங்களிலும் நடந்தவை மூன்றாவது வகை. தமிழ்நாட்டில் 39 மக்களவைத் தொகுதிகளில் ஒவ்வொன்றும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாயான நாடாளுமன்ற உறுப்பினர் நிதி அந்த ஆறுக்கும் பகிரப்படும். தேசிய நெடுஞ்சாலை, ரயில் நிலைய மேம்பாடு, அஞ்சலகம் போன்றவற்றைச் சட்டமன்ற உறுப்பினர் தம் சாதனையாகக் குறிப்பிட்டிருந்தால், அவர் எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும் எங்கே என்று கேட்பதில் தவறில்லை. ரயில்வே மேம்பாலம் மட்டும் சற்றுச் சிக்கலானது. தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதியைப் பொதுவாக ரயில்வேயும், இருபுறத்து அணுகுசாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறையும் கட்டுகின்றன. நிலம் எடுப்பது வருவாய்த் துறையின் வேலை. நடுப்பகுதி மட்டும் அந்தரத்தில் நிற்க, இருபுறமும் பாதை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பாலங்களில் பெரும்பாலும் நிலம் எடுப்பில்தான் முடிச்சு விழுந்திருக்கும். அந்த முடிச்சை அவிழ்க்க மாவட்ட ஆட்சியரையும் நில உரிமையாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்த உறுப்பினர் உண்மையான பணி செய்தவர்.

இவ்வாறு கழித்தபின் இருநூறு பணிகள் கொண்ட மலரில் முப்பதோ நாற்பதோ மிஞ்சினால் ஏமாற்றமடைய வேண்டாம். இனி அந்த எஞ்சிய பகுதியைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் படித்தல்

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் 1997-98 முதல் நடைமுறையில் உள்ளது. படிப்படியாக உயர்த்தப்பட்ட ஒதுக்கீடு இப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். முழுப் பதவிக் காலத்துக்கு 15 கோடி. 2020இல் கொரோனா தடுப்புப் பணிக்காக ஒவ்வொரு உறுப்பினரின் நிதியிலிருந்தும் 1 கோடி ரூபாய் எடுத்துக்கொள்ளப்பட்டதுபோன்ற விதிவிலக்குகளையும் நினைவில் கொள்ள வேண்டும். பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. எந்தப் பணி, எந்த இடம் என்பதை அவர் பரிந்துரைக்கிறார். ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் அளிக்கிறார். ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ மாநகராட்சியோ பணியை நிறைவேற்றுகிறது. ஆகவே தரக் குறைவான கட்டுமானத்துக்கு உறுப்பினரை மட்டும் குறைகூறுவது முறையன்று. ஆனால் தேர்வு முழுக்க அவருடையது, அவரது மனத்தில் எது முதன்மை பெற்றது என்பதை இந்த நிதிப் பட்டியலைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை.

பட்டியலைப் பெற, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும். மாநகராட்சிப் பகுதியாயின் மாநகராட்சிக்கும் ஒன்று எழுதலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "விவரம் தருக" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும். ஆண்டு வாரியாக, பணியின் பெயர், இடம், மதிப்பீட்டுத் தொகை, நிர்வாக ஒப்புதல் நாள், பணி ஆணை நாள், முடிந்த நாள், உண்மையில் செலவான தொகை, பணியை நிறைவேற்றிய அலுவலகம் ஆகியவற்றைக் கட்டம் போட்டுக் கேளுங்கள். பதிலளிக்க முப்பது நாள் அவகாசம் உண்டு. வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம் என்று காலம் நீளும் என்பதால் தேர்தலுக்கு ஆறேழு மாதம் முன்பே எழுதிவிடுவது நல்லது.

பதில் வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள். முதலாவது, ஆண்டுவாரிச் செலவு. முதல் மூன்று ஆண்டுகளில் பாதி நிதி கிடப்பில் கிடந்து கடைசி ஆண்டில் பணிகள் குவிந்திருந்தால், அது தேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதா, தேர்தலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதா என்பதை நாள்களே சொல்லிவிடும். இரண்டாவது, இடப் பங்கீடு. தொகுதியின் வரைபடத்தில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். கடந்த தேர்தலில் அவருக்கு அதிக வாக்களித்த ஊர்களில் புள்ளிகள் அடர்ந்தும், ஆதிதிராவிடர் குடியிருப்புகளும் மலையடிவாரக் கிராமங்களும் வெறுமையாகவும் இருந்தால் அதைவிடப் பெரிய செய்தி மலரில் இருக்காது. வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைத் தேர்தல் ஆணையம் படிவம் 20இல் வெளியிடுகிறது. ஒப்பிட அது போதும். மூன்றாவது, பணியின் தன்மை. நிழற்குடைகளும் உயர்கோபுர மின்விளக்குகளும் விரைவில் முடியும், பெயர்ப் பலகை வைக்கவும் வசதியானவை. பள்ளி வகுப்பறை, அங்கன்வாடிக் கட்டடம், நியாயவிலைக் கடைக் கட்டடம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஆகியவற்றுக்கு இடம் தேட வேண்டும், துறைகளின் ஒப்புதல் வாங்க வேண்டும், அலைய வேண்டும். நிழற்குடை தேவையற்றது என்று சொல்லவில்லை. வெயிலில் நிற்பவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஐந்தாண்டு நிதியில் மூன்றில் ஒரு பங்கு நிழற்குடைக்கே போயிருந்தால் காரணம் கேட்கத்தான் வேண்டும்.

நான்காவது, நேரில் சென்று பார்ப்பது. கல்வெட்டில் பொறித்திருப்பது மதிப்பீட்டுத் தொகை. செலவான தொகை பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும், சில வேளை மேலேயும் போயிருக்கும். மலர் எப்போதும் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளும். பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடம், தண்ணீர் ஏறாத தொட்டி, மின் இணைப்பு இல்லாத நூலகம் ஆகியவற்றை நிறைவுற்ற பணியாக எண்ண வேண்டியதில்லை. பணி ஆவணங்களை அலுவலகத்திலேயே பார்வையிடவும், கட்டுமானப் பொருளின் மாதிரியைச் சான்றிட்டுப் பெறவும் தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவின்படி குடிமகனுக்கு உரிமை உண்டு என்பதைப் பலர் அறியார்.

பெரிய பணிகளின் நாள்கோவை

மூன்று கோடியில் அடங்காத கல்லூரி, மருத்துவமனை, பாலம், அணை ஆகியவற்றுக்கு வேறு முறை தேவை. இவை ஒரே நாளில் பிறப்பவையல்ல. பேரவையில் அறிவிப்பு, கருத்துரு, அரசாணை, நிதி ஒதுக்கீடு, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, கட்டுமானம், திறப்பு என்று நீளும் வரிசையில் எந்தப் படியில் பணி நிற்கிறது என்பதை மலர் மறைத்துவிடும். "கொண்டுவரப்பட்டது" என்ற வினைச்சொல் அறிவிப்புக்கும் பொருந்தும், திறப்புக்கும் பொருந்தும். பேரவை விதிகளில் 110ஆவது விதியின்கீழ் வெளியாகும் அறிவிப்புகளுக்கு அவையில் விவாதம் கிடையாது, கைதட்டல் உண்டு. எனவே அறிவிப்பை ஒரு தொடக்கமாக மட்டும் குறித்துக்கொண்டு, அரசாணை எண்ணையும் நாளையும் தேடுங்கள். அரசாணைகளும், துறைகளின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகளும் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் உள்ளன. ஒப்பந்தப்புள்ளி விவரங்கள் அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் உள்ளன. ஒரே துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து வைத்துப் படித்தால், உங்கள் ஊர்ப் பணி "எடுத்துக்கொள்ளப்படும்" என்பதிலிருந்து "நடைபெற்று வருகிறது" என்பதற்கு நகர்ந்ததா, சத்தமில்லாமல் காணாமற் போனதா என்பது விளங்கிவிடும்.

உரிமை கோருவோர் பலராக இருக்கும் பணிக்கு அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் உள்ள 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரி நீரைக் குழாய் வழியே கொண்டுசெல்லும் இத்திட்டம் அறுபதாண்டுக்கும் மேற்பட்ட கோரிக்கை. எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது, மு.க. ஸ்டாலின் முதலமைச்சராக இருந்தபோது 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1,916 கோடி ரூபாய். அப்பகுதியின் எந்தக் கட்சி உறுப்பினரும் இதைத் தம் மலரில் போட்டுக்கொள்ள முடியும். யாரும் பொய் சொன்னவராக மாட்டார். ஆனால் அவரைத் தனியாக மதிப்பிட வேண்டுமென்றால், எந்த ஆண்டில் அவையில் இதைப் பற்றிப் பேசினார், நிலத்தில் குழாய் பதிக்க ஒப்புக்கொள்ளாத உழவர்களோடு பேசினாரா, தம் தொகுதியில் விடுபட்ட குளங்களைச் சேர்க்கக் கோரி எழுத்தில் கேட்டாரா என்று பார்க்க வேண்டும். பலருடைய உழைப்பில் வந்த பணிக்கு ஒருவர் முழு உரிமை கோரும் வரியைப் பார்த்தால், அதே மலரின் மற்ற வரிகளையும் சற்றுக் கூடுதல் கவனத்தோடு படிப்பது என் வழக்கம்.

பேரவையில் அவர் பேசியது

தொகுதிக்குள் ஓடியாடுபவரே நல்ல உறுப்பினர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக உள்ளது. திருமண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் தவறாமல் வருவது ஒரு தகுதியாகவே பேசப்படுகிறது. அரசமைப்பு அவருக்குத் தந்த முதல் வேலை சட்டமியற்றுவதும், வரவு செலவுத் திட்டத்தை ஆராய்ந்து மானியக் கோரிக்கைகளுக்கு ஒப்புதல் அளிப்பதுமாகும் என்பது மலர்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இங்கே ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு வழக்கத்தைப் பார்த்து, எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று தேடினால் தமிழ்நாட்டில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் வந்த அரசமைப்பின் பத்தாவது அட்டவணையின்படி கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியிழக்க நேரும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கைத் தீர்மானம் 122க்கு 11 என்று எண்ணப்பட்டதுபோன்ற நாள்கள் மிகக் குறைவு. ஆகவே வாக்கைவிட வாய்ச்சொல்லையே தேட வேண்டும்: கேள்வி நேரத்தில் கேட்டவை, கவன ஈர்ப்புத் தீர்மானம், மானியக் கோரிக்கை மீதான பேச்சு, மானியத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம், குழுப் பணி.

பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிலும் பேரவையின் இணையதளத்திலும் கிடைக்கின்றன. 2022 முதல் கேள்வி நேரம் நேரலையாகவும் வந்தது. தொகுதியின் பெயரையும் உறுப்பினரின் பெயரையும் வைத்துத் தேடி, அவர் கேட்டதையும் அமைச்சர் சொன்ன விடையையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். விடையின் மொழியைப் புரிந்துகொள்வது இதில் பாதி வேலை. "ஆவன செய்யப்படும்" என்றால் ஒன்றும் தொடங்கவில்லை. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் இந்த ஆண்டு இல்லை. "கருத்துரு பெறப்பட்டுள்ளது" என்றால் கோப்பு ஒன்று பிறந்துவிட்டது. இனி அதைத் துரத்துவது உறுப்பினரின் பொறுப்பு. "இந்நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்" என்பதே உறுதிமொழி. அவ்வாறு அவையில் தரப்பட்டவை நிறைவேறினவா என்று பார்ப்பதற்கே அரசு உறுதிமொழிக் குழு உள்ளது. ஒரே பேருந்து நிலையத்துக்காக நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கேட்டு, விடை "ஆவன செய்யப்படும்" என்பதிலிருந்து அரசாணை எண்வரை நகர்ந்திருப்பதை நீங்கள் கண்டால், மலரில் அது ஒரே வரியாக இருந்தாலும் அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

எதிர்க்கட்சி உறுப்பினரை மதிப்பிடும்போது இந்தப் பகுதிக்கு எடை கூட்ட வேண்டும். கோப்புகள் அவருக்காக வேகமாக நகர்வதில்லை. அமைச்சரைச் சந்தித்து எடுத்துக்கொண்ட படங்களும் குறைவாகவே இருக்கும். கேட்பதும், விடாமல் கேட்பதும், பொதுக் கணக்குக் குழு போன்ற குழுக்களில் கணக்கைத் துருவுவதுமே அவர் கையில் உள்ள கருவிகள். எதிர் முனையில், அமைச்சராக இருந்தவரின் மலரில் துறைச் சாதனையும் தொகுதிச் சாதனையும் கலந்து கிடக்கும். அரசமைப்பின் 2003ஆம் ஆண்டு 91ஆவது திருத்தப்படி 234 பேர் கொண்ட அவையில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேருக்கு மேல் அமைச்சராக முடியாது. மாநிலம் முழுவதற்குமான துறையை நடத்தியவர் தம் தொகுதிக்கு மட்டும் அளவுக்கு மீறி அள்ளிக் கொடுத்திருந்தால், தொகுதிக்காரருக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம். பக்கத்துத் தொகுதிக்காரர் அதை வேறு விதமாகப் படிப்பார். இடைத்தேர்தலில் வந்தவர்களுக்குக் காலக் குறைவைக் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். 2019இல் நடந்த இடைத்தேர்தல்களில் வென்றவர்களுக்கு ஏறத்தாழ இரண்டாண்டுகளே கிடைத்தன.

முன்னுரிமைப் பட்டியலை எடை போடுதல்

அடுத்த ஐந்தாண்டுக்கான பட்டியலைப் படிக்க, முந்தைய பட்டியல் ஒன்று வேண்டும். அதிர்ஷ்டவசமாக அப்படி ஒன்று 234 தொகுதிகளுக்கும் உள்ளது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லா உறுப்பினர்களுக்கும், எதிர்க்கட்சியினர் உட்பட, கடிதம் எழுதி, நீண்ட காலமாகத் தீராமல் இருக்கும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை முன்னுரிமைப்படி தம் மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு கேட்டுக்கொண்டார். "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டத்தின்கீழ் வந்த அந்தப் பட்டியல் உங்கள் உறுப்பினர் தம் கையால் எழுதிக் கொடுத்தது. ஆட்சியர் அலுவலகத்தில் அதன் நகலையும், ஒவ்வொரு கோரிக்கையின் இன்றைய நிலையையும் கேட்டுப் பெறுங்கள். எத்தனை முடிந்தன என்பது ஒரு பார்வை. முடியாதவை புதிய மலரில் அப்படியே புதிய வாக்குறுதிகளாக மறுபிறவி எடுத்துள்ளனவா என்பது அதைவிடச் சுவையான பார்வை. பத்தில் ஒன்றுகூட முடியாமல், பத்தும் புதிய பட்டியலில் சொல்லாமலே கைவிடப்பட்டிருந்தால், அவை உண்மையில் முன்னுரிமைகளாக இருந்தனவா என்று அவரிடமே கேட்கலாம்.

புதிய வாக்குறுதி ஒவ்வொன்றையும் அவருடைய அதிகாரத்துக்குள் உள்ளதா என்று பாருங்கள். நீட் விலக்கு மசோதாவைப் பேரவை 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2022 பிப்ரவரி 8 அன்று மீண்டும் நிறைவேற்றியது. ஓர் உறுப்பினரால் அதற்கு ஆதரவாகப் பேசவும் வாக்களிக்கவும் முடிந்தது. முடித்துத் தருவதாக வாக்களிக்க அவரால் முடியாது. "தொகுதியில் தொழிற்பேட்டை அமைப்பேன்" என்பவரிடம் நிலம் எங்கே, புறம்போக்கா பட்டாவா, தண்ணீர் எங்கிருந்து என்று கேளுங்கள். "அரசு கலைக் கல்லூரி கொண்டுவருவேன்" என்பவரிடம், தொடக்க ஆண்டுகளில் பள்ளிக் கட்டடத்தில் தற்காலிகமாக நடத்தப் போகிறீர்களா, சொந்தக் கட்டடத்துக்கு இடம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். விடை தயாராக வைத்திருப்பவர் வேலையைத் தொடங்கிவிட்டவர். வாக்குறுதிகளுக்கு நிதி எங்கிருந்து வரும் என்பதைத் தேர்தல் அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்ற நெறியைக் கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையம் விதித்துள்ளது. தனி வேட்பாளரிடம் அதே கேள்வியைக் கேட்க வாக்காளருக்குத் தடையேதும் இல்லை.

உறுதிமொழிப் பத்திரமும் அச்சுக் குறிப்பும்

வேட்புமனுவோடு தாக்கலாகும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வெளியாகிறது. சொத்து, கடன், நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள், கல்வி, வருமான வரிக் கணக்கில் காட்டிய ஐந்தாண்டு வருமானம், அரசோடு உள்ள ஒப்பந்தங்கள் ஆகியவை அதில் இருக்கும். மீண்டும் போட்டியிடுபவருக்குப் பழைய பத்திரமும் உண்டு என்பதால் இரண்டையும் அருகருகே வைக்கலாம். சொத்து கூடியிருப்பது மட்டுமே குற்றமாகாது. வழிகாட்டி மதிப்பு உயர்ந்தாலே பழைய நிலத்தின் மதிப்பு பலமடங்காகும். புதிதாக வாங்கிய சொத்துகளையும் காட்டிய வருமானத்தையும் ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு. குற்ற வழக்குகளிலும் சாலை மறியலுக்காகப் போடப்பட்டதையும் மோசடி வழக்கையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது; பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். குற்ற வழக்கு விவரங்களை வேட்பாளர் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும்.

மலரின் கீழ் ஓரத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் உள்ளனவா என்பதையும் ஒரு கண் பாருங்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து அச்சுச் செலவு 40 இலட்சம் ரூபாய் வரம்புக்குள் கணக்கில் வரும் என்பதால், பெரும்பாலான மலர்கள் அதற்கு முன்பே வெளியாகிவிடுகின்றன. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்து, தொகுதி நிதியில் புதிய பணிகளுக்கு ஒப்புதல் நின்றுவிடும். ஆணை பெற்றும் களத்தில் தொடங்காத பணியைத் தொடங்கவும் கூடாது. ஆகவே அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன் நாட்டப்பட்ட அடிக்கற்களின் படங்களுக்கு மலரில் எத்தனை பக்கம் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அவற்றை முடிந்த பணிகளிலிருந்து கழித்துவிடுங்கள்.

வாசலில் கேட்க வேண்டியவை

வாக்குக் கேட்டு வருபவர் உங்கள் வாசலில் நிற்பது இரண்டு நிமிடம். மேளச் சத்தத்துக்கும் ஆரத்தித் தட்டுக்கும் நடுவே நீண்ட விவாதம் நடக்காது. எனவே ஒரே கேள்வியைத் தேர்ந்தெடுத்து, கையில் தாளோடு, மரியாதையாகக் கேளுங்கள். "ஐயா, 2022இல் ஆட்சியரிடம் நீங்கள் கொடுத்த பட்டியலில் எங்கள் ஊர்த் தரைப்பாலம் நான்காவதாக இருந்தது, இப்போது எந்தத் துறையில் நிற்கிறது" என்று கேட்பவருக்கும், "என்ன செய்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. விடை தெரியாவிட்டால் உதவியாளரிடம் குறித்துக்கொள்ளச் சொல்லி, தேர்தலுக்கு முன் பதில் தருவதாகச் சொல்பவரை நம்பலாம். பதில் வந்ததா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. குடியிருப்போர் சங்கம், உழவர் சங்கம், மகளிர் குழு போன்றவை எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து இதையே சற்று விரிவாகச் செய்யலாம். கூட்டத்துக்கு முறையான அனுமதி பெற்று, ஒரே கேள்விகளை அனைவரிடமும் கேட்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

எதிர்த்து நிற்பவரையும் இதே அளவுகோலால் அளக்காமல் விட்டால் சரிபார்ப்பு ஒருதலையாகிவிடும். அவர் முன்னாள் உறுப்பினராயின் அவருடைய காலத்து நிதிப் பட்டியலும் பேரவைக் குறிப்புகளும் கிடைக்கும். ஒன்றியக் குழுத் தலைவராகவோ நகர்மன்ற உறுப்பினராகவோ இருந்தவராயின் அந்த மன்றத்தின் தீர்மானப் பதிவேட்டைப் பாருங்கள். இதுவரை எப்பொறுப்பிலும் இல்லாதவரிடம் சாதனை கேட்க முடியாது. ஆனால் உங்கள் தொகுதியின் மூன்று பெரிய சிக்கல்கள் எவை, அவற்றுள் எது எந்தத் துறையின் கோப்பில் உள்ளது என்று கேட்கலாம். அதற்கு அவர் தரும் விடையை, இருப்பவரின் மலரோடு சேர்த்து வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள்.